கிறிஸ்துமஸ்: கூலியும் கொடையும்

(டிசம்பர் மாத வாசிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கிறிஸ்துமஸ் பற்றிப் பேசச் சொன்னபோது கொஞ்சம் தயங்கினேன். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்காவது கடவுள் நம்பிக்கை கிடையாது என்று எனக்குத் தெரியும். டிசம்பர் 25 என்றதும் உங்களில் பலருக்கு வேறு இரண்டு நினைவுகள்தான் முந்திக்கொண்டு வரும். 1927 டிசம்பர் 25, மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்ட நாள். 1968 டிசம்பர் 25, கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்ட இரவு. நான் பிறந்து வளர்ந்தது ஒரு தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில். எங்களுக்கு இந்த இரண்டோடு மூன்றாவதாக இன்னொரு டிசம்பர் 25ம் உண்டு. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

கிறிஸ்துமஸ் என்றால் என்ன என்று எந்தப் பங்குச் சாமியாரிடம் கேட்டாலும், எந்தப் போதகரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: கடவுள் மனிதர்களுக்குத் தன்னையே கொடையாகக் கொடுத்த நாள். யாரும் சம்பாதித்துப் பெறவில்லை, யாரும் தகுதி காட்டிப் பெறவில்லை, இலவசமாக வந்தது என்பார்கள். கத்தோலிக்கர்கள் இதை அருள் என்பார்கள், சீர்திருத்தச் சபையார் கிருபை என்பார்கள். இரண்டுக்கும் மூலமான 'காரிஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்குள்ளேயே கொடை என்ற பொருளும் இருக்கிறது.

கொடை என்ற சொல்லைக் கேட்டால் நமக்குச் சந்தேகம் வரும். வரத்தான் வேண்டும். கொடை என்ற பெயரில் நம் மக்களை எத்தனை தலைமுறை குனிய வைத்திருக்கிறார்கள்! பண்ணையார் பொங்கலுக்கு வேட்டி, சேலை கொடுப்பார். ஆண்டு முழுவதும் குறைத்துக் கொடுத்த கூலியைப் பற்றிக் கேட்டால் முகம் மாறிவிடும். மனுஸ்மிருதி தானம் வாங்குவதைப் பார்ப்பனருக்குரிய தொழில்களில் ஒன்றாக வைத்தது. சூத்திரருக்கு, முணுமுணுக்காமல் பணிவிடை செய்வது ஒன்றையே தொழிலாக விதித்தது. கீழே இருப்பவர் மேலே கொடுத்தால் அது புண்ணியம். மேலே இருப்பவர் கீழே போட்டால் அது நன்றிக்கடன். இதைப் பார்த்து வளர்ந்த நாம், 'எங்களுக்குக் கொடை வேண்டாம், உரிமை வேண்டும்' என்று சொல்வது சரிதான். நானும் அதையே சொல்கிறேன்.

இந்த இடத்தில் பவுல் எனக்கு உதவுகிறார். ரோமையருக்கு எழுதிய கடிதத்தின் நான்காம் அதிகாரத்தில் அவர் ஒரு வேறுபாட்டைச் சொல்கிறார். உழைத்தவருக்குத் தரப்படும் கூலியைக் கொடையாகக் கணக்கில் வைக்க முடியாது, அது அவருக்குத் தரவேண்டிய கடன் என்கிறார். அவருடைய வாதம் கடவுளின் அருளைப் பற்றியது. ஆனால் அந்த வாதம் நிற்பதற்கே இந்த வேறுபாடு தேவைப்படுகிறது. கூலி வேறு, கொடை வேறு. கூலியைக் கொடை என்று சொல்பவர் ஏமாற்றுகிறார். கொடையைத் தன் கூலி என்று சொல்பவரும் ஏமாற்றுகிறார்.

சாதி இந்த இரண்டு ஏமாற்றையும் சேர்த்தே செய்கிறது. உழைப்பவருக்குச் சேரவேண்டிய கூலியை, பெரிய மனது வைத்துக் கொடுக்கும் தருமமாகக் காட்டுகிறது. யாரும் உழைத்துப் பெறாத ஒன்றை, அதாவது பிறப்பை, கூலியாகக் காட்டுகிறது. கர்மக் கோட்பாடு என்பது அதுதானே? மனுஸ்மிருதியின் பன்னிரண்டாம் அத்தியாயம், செய்த பாவத்தின் விளைவாகத் தாழ்ந்த பிறப்பு வருகிறது என்கிறது. சாந்தோக்கிய உபநிடதம், நல்ல நடத்தை உள்ளவர் பார்ப்பனர் வயிற்றிலும், கெட்ட நடத்தை உள்ளவர் நாயாகவோ பன்றியாகவோ சண்டாளராகவோ பிறப்பார்கள் என்கிறது. ஒருவர் அக்ரகாரத்தில் பிறந்தால் அது போன பிறவியில் சம்பாதித்தது. சேரியில் பிறந்தால் அதுவும் போன பிறவியில் சம்பாதித்தது. அண்ணல் மகாத்தில் நெருப்பு வைத்தது இந்தக் கணக்குப் புத்தகத்துக்குத்தான்.

கிறிஸ்துமஸ் கதையும் ஒரு பிறப்பைப் பற்றிய கதை. அதை இந்தக் கோணத்தில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். மத்தேயு தன் நற்செய்தியை ஒரு நீண்ட வம்சப் பட்டியலோடு தொடங்குகிறார். ஆபிரகாம், தாவீது என்று பெருமையான பெயர்கள். ஆனால் நடுவில் கானானியப் பெண் இராகாபையும் மோவாபியப் பெண் ரூத்தையும் சேர்த்துவிடுகிறார். இரத்தத் தூய்மை பேச நினைப்பவர் செய்யக்கூடிய வேலையா இது? பட்டியல் கடைசியில் யோசேப்பு வரை வருகிறது. பிறகு, குழந்தை யோசேப்புக்குப் பிறந்ததல்ல என்று அதே அத்தியாயம் சொல்கிறது. தந்தைவழி இரத்தச் சங்கிலி கடைசிக் கண்ணியில் அறுந்துவிடுகிறது. அந்தக் குழந்தையை, இந்தப் பரம்பரை ஈன்றெடுத்த பலன் என்று யாரும் உரிமை கொண்டாட முடியாது.

லூக்கா சொல்லும் கதையில் சத்திரத்தில் இடம் இல்லை. குழந்தையைக் கிடத்தியது மாட்டுக்குத் தீனி வைக்கும் தொட்டியில். செய்தி முதலில் போனது அரண்மனைக்கும் ஆலயத்துக்கும் அல்ல, இராத்திரியில் ஆட்டுக்குக் காவல் இருந்த இடையர்களுக்கு. அவர்கள் அதற்கென்று எந்தப் புண்ணியமும் செய்திருந்ததாகக் கதையில் இல்லை. வேலையில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

நமக்குத் தெரிந்த கொடையாளிகள் மேடையில் நிற்பார்கள்; வாங்குபவர் கீழே நின்று கை நீட்டுவார். இங்கே கொடுப்பவரே கைக்குழந்தையாக வருகிறார். அவரைத் தூக்க ஒரு கை வேண்டும், பாலூட்ட ஒரு தாய் வேண்டும், கிடத்த ஓர் இடம் வேண்டும். வாங்குபவரைக் குனிய வைக்காத கொடை என்று ஒன்று இருந்தால் அது இப்படித்தான் இருக்க முடியும். நம்பிக்கை இல்லாத தோழர்கள் இதை ஒரு கதையாக மட்டும் எடுத்துக்கொண்டாலும் போதும். இந்தக் கதைக்குள் பிறப்பால் உயர்வு தாழ்வு பேச இடமில்லை என்பதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

அப்படியென்றால் சபைகளில் சாதி எப்படி வந்து உட்கார்ந்தது என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் கோயிலில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் கொண்டுவருவது எங்கள் தெருவின் வேலை. என் அப்பாயி களத்திலிருந்து தலைச்சுமையாகக் கொண்டுவந்து போடும். நடுச்சாமப் பூசை முடிந்ததும் சாமியார் பாலன் இயேசு சுரூபத்தைக் கையில் ஏந்தி நிற்பார்; எல்லோரும் வரிசையில் போய் முத்தி செய்வார்கள். நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது ஒரு வருடம் ஆசையில் முன்னே ஓடிவிட்டேன். உபதேசியார் கையைப் பிடித்து இழுத்து, "ஊர்த்தெரு முடிக்கட்டும்" என்றார். அழுதுகொண்டே வந்து அப்பாயியிடம் சொன்னேன். "அவங்க மொதல்ல முத்தி செஞ்சா என்னடி? பாலன் படுத்திருக்கறது நம்ம வைக்கோல்லதான்" என்றது.

அந்தப் பதிலைப் பல வருடம் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். கிறிஸ்துமஸைச் சாமியாரைவிட என் அப்பாயி சரியாகப் புரிந்துகொண்டிருந்தது என்று இப்போதும் நம்புகிறேன். ஆனால் அந்தப் பதிலோடு அது சாகும்வரை வரிசையின் கடைசியில்தான் நின்றது. செத்த பிறகும் எங்கள் தெருவுக்கென்று ஒதுக்கிய கல்லறையில்தான் புதைத்தோம். ஆறுதல் வரிசையை மாற்றாது.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமல்ல. வடக்கன்குளத்தில் கோயிலுக்குள்ளேயே சாதிக்காகச் சுவர் வைத்திருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அது இடிக்கப்பட்டது. 2008ல் எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்களின் வீடுகளை, அதே கோயிலில் பூசை காணும் சாதிக் கிறித்தவர்கள் தாக்கினார்கள். சபைக்குள் தீண்டாமை இருப்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016ல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதை வரவேற்கிறேன். ஆனால் இதை நிர்வாகக் கோளாறு என்று சொல்லிக் கடந்துபோக முடியாது. கொடையாக வந்ததைத் தன் பிறப்புக்குரிய சொத்தாக ஒருவர் நினைத்தால், அவர் கிறிஸ்துமஸையே மறுக்கிறார். முதல் வரிசை எங்களுக்கு என்று சொல்வது, இது எங்கள் கூலி என்று சொல்வதுதான்.

அரசும் தன் பங்குக்கு ஒன்று செய்தது. 1950ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து மதத்தில் இருப்பவர்களை மட்டுமே பட்டியல் சாதியினர் என்றது. 1956ல் சீக்கியர்களும் 1990ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறித்தவர்கள் வெளியிலேயே நிற்கிறார்கள். ஊரும் சபையும் எங்களைச் சாதியை வைத்தே நடத்தும். சட்டம் மட்டும் உங்களுக்குச் சாதி இல்லையே என்று சொல்லும். அருளைப் பெற்றுக்கொண்டீர்கள், ஆகவே உரிமை கிடையாது என்பது பவுல் பிரித்து வைத்த இரண்டையும் மறுபடி குழப்புவது.

கடைசியாக வெண்மணி. அங்கே எரிக்கப்பட்டவர்கள் கிறித்தவர்கள் அல்ல, செங்கொடிச் சங்கத்துக் குடும்பங்கள். அவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்க நான் வரவில்லை. அவர்கள் கேட்டது கூலி உயர்வு. தரவேண்டிய கடனைக் கேட்டார்கள். பண்ணையார்களின் கண்ணுக்கு அது நன்றிகெட்டதனமாகத் தெரிந்தது. 1973ல் சென்னை உயர் நீதிமன்றம் பண்ணையார்களை விடுவித்தது. கிறிஸ்துமஸ் இரவில் 'கொடை' பற்றிப் பிரசங்கம் செய்யும் எந்தச் சபையும், அதே இரவில் கூலி கேட்டதற்காக எரிக்கப்பட்ட இந்த 44 பேரை நினைக்காமல் அந்தச் சொல்லை உச்சரிக்கக் கூடாது என்பது என் கருத்து. கொடையைக் கொண்டாடுபவர்தான் கூலிக்காக முதலில் குரல் கொடுக்க வேண்டும்.

இங்கே இருக்கும் கிறித்தவத் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வருடம் ஊருக்குப் போவீர்கள். உங்கள் கோயிலில் குடிலுக்கு வைக்கோல் யார் கொண்டுவருகிறார்கள், பாலனை முதலில் முத்தி செய்வது யார் என்று பாருங்கள். இரண்டும் வேறு வேறு ஆட்களாக இருந்தால் பங்குப் பேரவையில் எழுந்து கேளுங்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் போன வருடம் கேட்டார்கள். பதில் இன்னும் வரவில்லை. இந்த வருடமும் கேட்கப் போகிறோம். நானும் போகிறேன்.