கலங்கல் தெளிந்தால் போதுமா?



ஐப்பசி அடைமழை ஓய்ந்ததும் கிணற்றை எட்டிப் பார்த்தால் மனசு குளிரும். கைக்கு எட்டுகிற மாதிரி தண்ணீர். ஆனால் அது எந்த வழியாக வந்தது? மாட்டுக் கொட்டகை, எருக்குழி, கொல்லைப்புறம் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு அல்லவா வந்து விழுந்திருக்கிறது!

எங்கள் ஊரில் ஒரு மழைக்காலத்தில் ஒரே தெருவில் நாலு வீட்டுப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. நாலு வீட்டுக்கும் ஒரே கிணறு. "தேத்தாங்கொட்டை உரசித் தெளிய வச்சுத்தானே தம்பி குடிச்சோம், தண்ணி கண்ணாடி மாதிரி இருந்திச்சே" என்றார் ஒரு பாட்டி. பாட்டி செய்ததில் தப்பில்லை. ஆனால் அது பாதி வேலைதான்.

கலங்கல் என்பது கண்ணுக்குத் தெரியாத பொடி மண். அந்தத் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கும். தேற்றாங்கொட்டையோ படிகாரமோ போட்டால் ஒன்றோடொன்று ஒட்டி, கனமாகி அடியில் படியும். 20 லிட்டர் தண்ணீருக்கு அரைக் கிராம் முதல் ஒரு கிராம் படிகாரம் பெரும்பாலும் போதும். மண்ணோடு சேர்ந்து கிருமியிலும் ஒரு பங்கு அடியில் போய்விடும். மிச்சம் இருக்கிறதே, அதுதான் பிள்ளையைப் படுக்க வைக்கிறது. அதைக் கொல்ல குளோரின் வேண்டும். கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர்தான் சுலபம்.

எவ்வளவு போடுவது? சிலர் கைக்கு வந்த அளவு அள்ளிக் கொட்டுகிறார்கள். அது கூடாது. கிணற்றின் குறுக்களவை அடியில் அளந்து, அதை அதாலேயே பெருக்குங்கள். பிறகு தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, மறுபடி 22-ஆல் பெருக்குங்கள். வட்டக் கிணற்றில் எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். 10 அடி அகலம், 10 அடித் தண்ணீர் என்றால் சுமார் 22,000 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர். ஆக, 55 கிராம்.

பவுடரை அப்படியே தூவாதீர்கள். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிஷம் விடுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். மேல் தெளிவை மட்டும் வேறு வாளியில் இறுத்து, அந்த வாளியைக் கிணற்றுத் தண்ணீருக்குள் இறக்கி மேலும் கீழுமாக நன்றாக அலசுங்கள். சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டினால் தண்ணீர் கடுப்பாகிவிடும். குறைந்தது ஒரு மணி நேரம் யாரும் இறைக்கக் கூடாது. அதனால் ராத்திரி கடைசிக் குடம் எடுத்த பிறகு செய்வதே உத்தமம். காலையில் லேசாக மருந்து வாடை வந்தால் முகம் சுளிக்க வேண்டாம், அது இருப்பது நல்லதே. சுகாதார ஆய்வாளரிடம் சொன்னால் குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று சோதித்துச் சொல்வார்.

ஒரு சங்கதி. கிணறு செங்காவியாகக் கலங்கியிருக்கும்போது மருந்து போட்டால் அழுக்கோடேயே அது செலவழிந்துவிடும். தெளியட்டும், பிறகு போடுங்கள். அதுவரை குடிநீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுங்கள். திறந்து வைத்த பவுடரும் வீரியம் இழக்கும். இறுக மூடி, ஈரமும் வெயிலும் படாத இடத்தில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

எருக்குழி கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்கட்டும். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவரும், சுற்றிச் சிமெண்டுத் தளமும் போட்டு, குளிக்கிற, துவைக்கிற தண்ணீரை வாய்க்கால் வெட்டி வாழைக்குத் திருப்பிவிடுங்கள்.