இருதயமும் உயிரணுக்களின் மறைவும்

நம் உடலில் நாள்தோறும் கோடிக்கணக்கான உயிரணுக்கள் மடிகின்றன. அவற்றுட் பல, தமக்குள் அமைந்த ஒழுங்கின்படி, அண்டை அணுக்களுக்குத் தீங்கின்றி அடங்குகின்றன. தவளைக் குஞ்சின் வால் மறைவதும், கருவிலே குழந்தையின் விரல்கள் பிரிவதும் இம்முறையாலேயே. 1972-ஆம் ஆண்டில் கெர், வில்லி, கரி என்னும் அறிஞர் மூவர் இதற்கு ‘அபாப்டோசிஸ்’ எனப் பெயரிட்டனர். இலை உதிர்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது.

உதிர்ந்த இலைக்கு ஈடாக மரம் தளிர்க்கும். தோலும் குடலும் அவ்வாறே புதுப்பித்துக்கொள்ளும். இருதயத் தசைக்கு அப்பேறு மிகக் குறைவு. இளமையிற்கூட ஆண்டுக்கு நூற்றில் ஒரு பங்களவே அதன் அணுக்கள் புதியனவாகின்றன என்று 2009-இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று கண்டது. ஆதலின் அங்கே இழப்பது பெரும்பாலும் இழந்ததே.

மாரடைப்பில் நிகழ்வது யாது? இரத்தக் குழாயை உறைகட்டி அடைக்க, பிராணவாயுவின்றித் தசையணுக்கள் தவிக்கின்றன. பல வீங்கி உடைகின்றன. வேறு சில, மைட்டோகாண்ட்ரியா எனும் ஆற்றல் நிலையங்களிலிருந்து ‘சைட்டோகுரோம்-சி’ கசியவே, தம்மைத் தாமே மாய்த்துக்கொள்கின்றன. அடைப்பு நீங்கி இரத்தம் மீளும் வேளையிலும் இச்சாவு தொடர்வதுண்டு. இதனைத் தடுக்கச் சைக்ளோஸ்போரின் என்னும் மருந்தைச் சோதித்தனர். 2015-இல் வெளியான பெருஞ்சோதனையில் நோயாளிகளுக்கு அதனால் நன்மை விளையவில்லை. எனவே அணுக்களைக் காக்கும் வழி, அடைப்பை விரைந்து நீக்குவதே.

கேரளத்தில் 2007 முதல் 2009 வரை 125 மருத்துவமனைகளில் 25,748 இருதய நோயாளிகளைப் பதிவு செய்து ஆராய்ந்தனர். நோய்க்குறி தோன்றி ஆறு மணி நேரம் கடந்து வந்தோருக்கு மருத்துவமனையில் மரண அபாயம் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது.

தேவிகுளம், பீருமேடு மலைகளின் தேயிலைத் தோட்டங்களிலும், பாலக்காட்டுச் சித்தூர் எல்லைச் சிற்றூர்களிலும் வாழும் தமிழ் மக்கள் இதனைக் கருத வேண்டும். மலைப்பாதையின் வளைவுகளே நேரத்தை விழுங்கும்; வீட்டிலும் அதனை வீணாக்கலாமோ? மார்பில் அழுத்தம், இடக்கை வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவற்றை ‘வாயு’ என்று கொண்டு சுக்குக் கஷாயம் காய்ச்சிப் பொழுது போக்குவது தகாது. நீரிழிவுடையோர்க்கு வலியே தோன்றாதிருத்தலும் கூடும். உடனே 108-ஐ அழையுங்கள். இருதயச் சிகிச்சை விரைவில் எங்குக் கிடைக்குமோ அங்கே செல்லுங்கள். அது கோட்டயத்திலா, தேனியிலா, கோயம்புத்தூரிலா என்னும் மாநில வேறுபாட்டை இருதயம் அறியாது. அந்த இடம் எது என்பதை நலமாயிருக்கும் நாளிலேயே விசாரித்து வைத்துக்கொள்வது அறிவுடைமை.