அழிந்த கணக்கு திரும்பி வந்த கதை

(பள்ளிபாளையம் கூட்டமைப்புக் கூட்டத்தில் கணக்காளர் பேசியது)



போன மாசம் நடந்ததை மறைக்காமல் சொல்லிடறேனுங்க. ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் எல்லாம் பார்க்கிற பொது டிரைவில் இருந்த கடன் வசூல் ஃபைலை, பழசு என்று நினைத்து நானே அழித்துவிட்டேன். ரீசைக்கிள் பின்னைத் திறந்தால் காலி! நெட்வொர்க் டிரைவில் அழிப்பது நம் கம்ப்யூட்டர் குப்பைத்தொட்டிக்கு வராதுங்க. சர்வரிலேயே போய்விடும்.

ஃபைல் இருந்த ஃபோல்டரில் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் 'ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ்' பார்த்தேன். முந்தின நாள் நகல் இருந்தது. அங்கே 'ரீஸ்டோர்' அழுத்தாதீங்க, மற்றவர்கள் அன்று பதிந்ததும் பழசாகிவிடும். திறந்து, வேண்டிய ஃபைலை மட்டும் நகலெடுங்கள். விண்டோஸ் சர்வர் 2003 முதல் இந்த வசதி உண்டு. ஆனால் 'ஷேடோ காப்பி' முன்பே போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த டிஸ்கில் யாரும் எதையும் சேமிக்காமல் நிறுத்திவிட்டு, விவரம் தெரிந்தவரைக் கூப்பிட வேண்டியதுதான்.

1998-ல் அமெரிக்காவில் பிக்ஸார் கம்பெனியின் 'டாய் ஸ்டோரி 2' படமே இப்படி அழிந்தது. எடுத்து வைத்த காப்பு நகலும் வேலை செய்யவில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற பெண்மணியிடம் இருந்த நகல்தான் காப்பாற்றியது. அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, காரில் கொண்டுவந்தார்களாம்!

நமக்கு மீண்டதில் ஒரு குறை. அன்று காலை பதினோரு பேர் கட்டிய தவணை அதில் இல்லை. பத்துப் பேர் பாஸ்புக்கைப் பார்த்துப் பதிந்தேன். ஓர் அக்கா பாஸ்புக்கில் வரவு எழுதவே இல்லை. ரசீது அடிக்கட்டையைத் தேடி எடுத்த பிறகுதான் அன்று தூக்கம் வந்தது. அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் பாஸ்புக் கொண்டுவாங்க, ஒருமுறை ஒத்துப் பார்த்துவிடலாம்.