வேரும் மருந்தும்



நாட்டு மருந்துக் கடையில் சடாமாஞ்சில் என்று கேட்டால், செம்பழுப்பு நிறத்தில் சடைபோல் இருக்கும் ஒரு வேரைக் கடைக்காரர் பொட்டலம் கட்டித் தருவார். இமயமலைப் பகுதியில் விளைவது அது. ஐரோப்பாவில் அதற்கு ஓர் உறவுச் செடி உண்டு. அதன் பெயர் வலேரியன். அந்தச் செடியிடமிருந்து பெயர் பெற்ற ஒரு கொழுப்பமிலத்தின் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அக்கதையின் முடிவில் நான் செய்த பிழை ஒன்றும் இருக்கிறது.

கொழுப்பமிலம் என்றதும் எண்ணெயும் நெய்யும் நம் நினைவுக்கு வரும். கரியணுக்கள் சங்கிலிபோல் கோத்து நிற்க, ஒரு முனையில் அமிலத்தொகுதி அமைந்திருப்பதே அதன் உருவம். தேங்காயெண்ணெயில் மிகுந்துள்ள லாரிக் அமிலத்தில் கரியணுக்கள் 12. வெண்ணெயிலுள்ள பியூட்டிரிக் அமிலத்தில் 4. இன்னும் ஒன்றைச் சேர்த்து 5 ஆக்கினால் அதுவே வலேரிக் அமிலம். அதன் சங்கிலி நேராக இராமல் கிளைத்திருந்தால் ஐசோவலேரிக் அமிலம் என்கிறோம். வலேரியன் வேர் உலர உலர இந்த ஐசோவலேரிக் அமிலம் அதில் மிகுதியாக வெளிப்படும். அதன் நாற்றத்தை விவரிக்க வேண்டுமா? நாள் முழுதும் அணிந்து கழற்றிய காலுறையை முகர்ந்து பார்த்தவர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அங்கும் இருப்பது இதே அமிலந்தான்!

மூக்கைச் சுளிக்க வைக்கும் இவ்வேரை மக்கள் மனத்தை அமைதிப்படுத்தவும் உறக்கம் வரவும் நெடுங்காலமாக உண்டு வந்தனர். நேப்பிள்ஸ் நகரத்து ஃபாபியோ கொலோன்னா என்ற அறிஞர் வலிப்பு நோயால் துன்புற்றவர். பழைய மருத்துவ நூல்களை ஆராய்ந்து வலேரியனைக் கண்டுகொண்டு உட்கொண்டதாகவும், நோய் தணிந்ததாகவும் 1592ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அவர் எழுதினார். ஒருவருடைய அனுபவம் சான்றாகிவிடுமா? ஆகாது. ஆயினும் வலிப்பு, வலேரியன் என்னும் இரு சொற்களும் அன்றே அடுத்தடுத்து நின்றன என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1882ஆம் ஆண்டில் பர்ட்டன் என்ற இரசாயன அறிஞர் வலேரிக் அமிலத்தின் சங்கிலியில் மூன்று கரியணுக்கள் கொண்ட கிளை ஒன்று பொருந்திய புதிய அமிலத்தை ஆக்கினார். அதற்கு வால்புரோயிக் அமிலம் என்று பெயர். அது எந்த நோய்க்கும் மருந்தாகக் கருதப்படவில்லை. மற்றப் பொருள்களைக் கரைக்கும் திரவமாகவே ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் சோதனைச்சாலை அலமாரியில் கிடந்தது.

1962ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் பியேர் எய்மார் என்ற இளம் ஆராய்ச்சியாளர் சில புதிய பொருள்களை ஆக்கினார். அவை எளிதில் கரையவில்லை. ஆகவே வால்புரோயிக் அமிலத்தில் கரைத்து, வலிப்பைத் தடுக்கின்றனவா என்று விலங்குகளிடம் சோதித்தனர். தடுத்தன. முற்றிலும் வேறான பொருளைக் கரைத்துக் கொடுத்தபோதும் வலிப்பு தடைப்பட்டது. கரைந்த பொருள்கள் வேறு வேறு, பலனோ ஒன்று. அப்படியானால் பலன் எங்கிருந்து வந்தது? கரைத்த திரவத்தை மட்டும் தனியே கொடுத்துப் பார்த்தனர். மருந்து அதுவே என்று தெரிந்தது! 1967ஆம் ஆண்டில் பிரான்சில் அது வலிப்பு மருந்தாக ஏற்கப்பட்டது. இன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலும் அது உள்ளது.

மூளையில் நரம்பணுக்கள் ஒருசேரக் கட்டுக்கடங்காமல் மின்துடிப்பு எழுப்புவதே வலிப்பு. அத்துடிப்பை அடக்கும் காபா என்ற பொருளின் செயலை வால்புரோயிக் அமிலம் வலுப்படுத்துகிறது. நரம்பணுக்களின் மிகையான துடிப்பையும் குறைக்கிறது. அதற்குத் தீங்குகளும் உண்டு. கல்லீரலைத் தாக்கக்கூடும். கருவுற்றிருக்கும் பெண் உட்கொண்டால் கருவிலுள்ள குழந்தைக்குக் கேடு நேரலாம். ஆகையால் மருத்துவரின் கண்காணிப்பின்றி அதைத் தொடங்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது.

இனி என் பிழைக்கு வருகிறேன். நான் இரசாயன ஆசிரியன். சில ஆண்டுகளுக்கு முன் இந்தக் கதையை வகுப்பில் சுவைபடச் சொன்னேன். "வலிப்பு மருந்து ஒரு வேரிலிருந்து பிறந்தது" என்று முடித்தேன். கைதட்டினார்கள். அவ்வகுப்பில் அதே மருந்தை நாள்தோறும் உண்டு வந்த மாணவன் ஒருவன் இருந்தான் என்பது எனக்குத் தெரியாது. அவன் வீட்டில் போய்ச் சொன்னான். அவனுடைய பாட்டி, "மாத்திரை எதற்கு? வேரையே காய்ச்சிக் கொடுத்துவிடலாமே" என்றார். மாத்திரை நின்றது. பத்தாம் நாள் என் வகுப்பிலேயே அவன் விழுந்தான். யாரோ சாவிக்கொத்தை நீட்டினார்கள். படித்த நான் அதை வாங்கி அவன் கையில் திணித்தேன்!

அவன் பிழைத்தான். மருத்துவர் என்னிடம் சினமின்றிச் சொன்னார்: "இரும்பால் ஒரு பயனும் இல்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்." பிறகு அவர் கேட்டார்: "வேரிலிருந்து பிறந்தது பெயரா, மருந்தா?"

அந்தக் கேள்விக்கு விடையை நான் வகுப்பில் சொல்லியிருக்க வேண்டும். வேர் தந்தது பெயரையும் ஒரு குறிப்பையும் மட்டுமே. வால்புரோயிக் அமிலம் வேரில் இல்லை; மனிதன் ஆக்கியது. வலேரியன் வேர் உறக்கம் தருமா என்று செய்த சோதனைகளின் முடிவுகளும் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. ஒரு கரியணு கூடினாலும் குறைந்தாலும் பொருளின் குணம் மாறிவிடும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டிய நானே, உறவை ஒற்றுமை என்று மயங்கும்படி பேசிவிட்டேன்.

நண்பர்களே, கரைத்த திரவத்தைத் தனியே சோதித்துப் பார்க்கத் தோன்றியதே அந்தப் பிரெஞ்சு அறிஞர்களின் பெருமை. ஒரு செய்தியைக் கேட்கும்போதும், அதைவிடப் பிறருக்குச் சொல்லும்போதும், அதே கேள்வியைக் கேளுங்கள்: பலன் உண்மையில் எதனால் வந்தது? அந்த மாணவன் மருந்தைத் தவறாமல் உண்டு பட்டமும் பெற்றுவிட்டான். நான் மட்டும் ஒவ்வோர் ஆண்டும் அக்கதையை, இப்போது முழுமையாக, சொல்லி வருகிறேன்.