பெயரில்லாக் குழியும் சர்க்கார் கல்லும்



செத்தவனுக்குக் கல் நடுவதைப் பற்றிப் பகுத்தறிவுவாதிகள் பேசலாமா என்று சிலர் கேட்கக்கூடும். செத்தவனுக்கு அக்கல்லினால் யாதொரு லாபமும் இல்லையென்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் ஒரு மனிதன் இருந்தான் என்பதையே இல்லாமல் செய்துவிட்ட இடத்தில், அவன் பெயரைக் கண்டுபிடித்து எழுதுவது மோட்ச விஷயமல்ல, கணக்கு விஷயம். அமெரிக்காவில் நடந்துவரும் அப்படிப்பட்ட காரியமொன்றைப் பற்றியே சொல்லப்போகிறோம்.

1861 முதல் 1865 வரை அங்கு நடந்த உள்நாட்டு யுத்தத்தில், வடபாகத்துச் சேனையில் சுமார் 1,79,000 கறுப்பு மனிதர்கள் சிப்பாய்களாயிருந்தார்கள். பெரும்பாலோர் அடிமைகளாயிருந்தவர்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். இவர்களுக்கு 10 டாலர், அதிலும் உடுப்புக்கென்று 3 டாலர் பிடித்தம். 1864-ல்தான் சம்பளத்தைச் சமமாக்கினார்கள். குண்டு மட்டும் ஆரம்பத்திலிருந்தே நிறம் பார்க்கவில்லை. ஊர் திரும்பிச் செத்தவர்களிலும் பலர், கறுப்பருக்கென்று ஒதுக்கிய இடுகாட்டில் கல்லின்றிப் புதைக்கப்பட்டார்கள். சுடுகாட்டுக்குக்கூட வேறு பாதை விட்டிருக்கும் நம்மவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்று பேரனுக்குப் பேரன் ஒருவன் அந்தக் குழியைத் தேடினால் என்ன செய்வான்? 1850, 1860 வருஷத்து ஜனக்கணக்கில் பாட்டன் பெயர் கிடையாது. அடிமைகளுக்கென்று தனி ஜாபிதா வைத்து, எஜமானன் பெயரை எழுதி, அதன் கீழ் வயது, ஆணா பெண்ணா, நிறம் இவ்வளவே பதிந்தார்கள். மாட்டுக்குக் கொம்பும் சுழியும் எழுதுவது போல! 1870-ல்தான் அவர்களுக்குக் கணக்கில் பெயர் வந்தது.

ஆகவே பட்டாளத்துத் தஸ்தாவேஜுகளையே நாடவேண்டும். வாஷிங்டன் தேசிய ஆவணசாலையில் சேர்ந்த தேதி, உயரம், பிறந்த ஊர் ஆகியவை இருக்கின்றன. அதைவிட உதவுவது பென்ஷன் கட்டு. விதவை பென்ஷன் கேட்டால், கலியாணத்திற்கு அத்தாட்சி எங்கே என்றார்கள் அதிகாரிகள். அடிமைக்குச் சட்டப்படி கலியாணமே கிடையாதே! அதனால் அவள் பழைய சிப்பாய்களையும் அண்டை அயலாரையும் சாட்சிக்கு அழைத்துவந்தாள். இன்னார் தோட்டத்தில் கூடி வாழ்ந்தோம், இத்தனை பிள்ளைகள், பின்னால் இன்ன பெயர் வைத்துக்கொண்டார், இன்ன நாளில் செத்தார் என்று வாக்குமூலம் கொடுத்தாள். அவளைச் சந்தேகித்து எழுதி வைத்த காகிதமே இன்று குடும்ப சரித்திரமாயிருக்கிறது.

பிறகு மரணப் பதிவு, இடுகாட்டுப் புத்தகம், கிழவர்களின் வாய்மொழி. நிலத்திலே மண் உள்வாங்கிய நீண்ட பள்ளங்களும் காட்டிக்கொடுக்கும். இக்காலத்தில் பூமிக்குள் ரேடார் அலை செலுத்தியும் பார்க்கிறார்கள்.

நிற்க, கல்லின் சங்கதி. 1879-ம் வருஷத்துச் சட்டம், தனியார் இடுகாட்டில் குறியில்லாமல் கிடக்கும் வடபாகத்துச் சிப்பாய்க்கும் சர்க்கார் கல் கொடுக்கும்படி செய்தது. இன்றும் கொடுக்கிறார்கள். 42 அங்குல நீளம், 13 அங்குல அகலம், சுமார் 230 ராத்தல். கல்லுக்கும் அனுப்புவதற்கும் காசில்லை. தனியார் இடுகாடாயின் நடும் கூலி மட்டும் கேட்பவருடையது. நடுவில் நெருங்கிய உறவினரே விண்ணப்பிக்கலாம் என்றொரு விதியை வைத்துக்கொண்டு தடுத்தார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்கு முந்திய சிப்பாய்க்கு நெருங்கிய உறவினரை எங்கே பிடிப்பது? 2016-ல் அதைத் தளர்த்தினார்கள். 1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலக யுத்தத்தில் சேருமுன் சேவை முடித்தவர்களுக்கு, இரத்த சம்பந்தமில்லாத யாரும் கேட்கலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். அந்தச் சர்க்கார் கல்லில் வெட்ட வைத்திருக்கும் குறிகளின் ஜாபிதாவில், சிலுவையோடு கூட நாத்திகருக்கென்று ஓர் அணுவின் உருவமும் இருக்கிறது. ஒரு குறியும் வேண்டாமென்றாலும் வற்புறுத்துவதில்லை.