பெரியம்மா கையில் இருந்த சீட்டு

இன்னிக்கு எங்க ஊர் திண்டுக்கல் பற்றிப் பேசப்போறேன். பூட்டும் பிரியாணியும் எல்லாருக்கும் தெரியும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றி எங்க மாவட்டத்துப் பெண்கள் உலகத்துக்கே ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தாங்க. அது இங்கேயே நிறைய பேருக்குத் தெரியாது.

2000-ஆம் ஆண்டு இங்கே ஒரு பெரிய ஆய்வு தொடங்குச்சு. மாவட்டத்துல 114 ஊர்த் தொகுப்புகளை எடுத்து, குலுக்கல் மாதிரி இரண்டாப் பிரிச்சாங்க. 57-க்கு ஒரே ஒரு தடவை பரிசோதனை. மீதி 57-ல் வழக்கமா என்ன வசதி இருந்ததோ அது மட்டும். பரிசோதனை ரொம்ப எளிமையானது. பயிற்சி பெற்ற நர்ஸ், கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலக் கரைசலைத் தடவுவாங்க. கிட்டத்தட்ட நம்ம வினிகர்தான். கோளாறான இடம் கொஞ்ச நேரத்துல வெள்ளையாத் தெரியும். தேவைப்பட்டவங்களுக்கு அதே வருகையிலேயே நர்ஸே கிரையோதெரபி, அதாவது உறைய வைக்கிற சிகிச்சை, கொடுத்தாங்க.

முடிவு 2007-ல் 'லான்செட்' இதழ்ல வந்தது. பரிசோதனை நடந்த ஊர்கள்ல இந்தப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைவு.

இதுல 'அதே வருகையிலேயே' என்பதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க.

எங்க பெரியம்மா நிலக்கோட்டைப் பக்கம் மல்லித் தோட்டத்துல பூ எடுக்கிறவங்க. ஊர்ல நடந்த முகாம்ல பரிசோதனை பண்ணிக்கிட்டாங்க. வெள்ளையாத் தெரியுது, பெரிய ஆஸ்பத்திரில காட்டுங்கன்னு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாங்க. பெரியம்மா அதைப் போட்டோ எடுக்கச் சொல்லி எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினாங்க. நான் சென்னைல இருந்தேன். "அடுத்த மாசம் வர்றேன் பெரியம்மா, சேர்ந்து போலாம்"னு சொன்னேன். போகலை. அஞ்சு மாசம் ஓடிப்போச்சு.

"நீங்களே போயிருக்கலாமே"ன்னு ஒருநாள் கேட்டேன். "பஸ்ஸுக்குக் காசு இல்ல தாயி, ஃப்ரீதான். நாள் போயிருமே. விடியுறதுக்குள்ள எடுக்கலைன்னா மொட்டு விரிஞ்சிரும். அங்க போனா யாரைப் பார்க்கணும்னும் தெரியல"ன்னாங்க.

அன்னிக்குத்தான் உறைச்சது. என் ஆபீஸ்ல வருஷா வருஷம் இலவச செக்கப் உண்டு, சம்பளத்தோட லீவும் உண்டு. பெரியம்மாவுக்குப் பரிசோதனையும் இலவசம், பஸ்ஸும் இலவசம். ஆனா அந்த ஒரு நாள் இலவசம் இல்லை. வேடசந்தூர்ப் பக்கம் மில்லுல ஷிப்ட் பார்க்கிற அக்காவுக்கும் இதே கதைதான். முதல் வருகைக்கும் இரண்டாவது வருகைக்கும் நடுவுலதான் பெண்களைத் தொலைச்சிடறோம்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி, 30 முதல் 49 வயசுக்குள்ள ஒரு தடவையாவது இந்தப் பரிசோதனை செஞ்சவங்க தமிழ்நாட்டுல 100-க்கு 10 பேர்கூட இல்லை. இந்தியா முழுக்கப் பார்த்தா 2 பேர்கூட இல்லை. அன்னிக்கு ஆய்வுல, நர்ஸுங்க ஊர் தேடிப் போனப்போ, கூப்பிட்ட 49,311 பேர்ல 31,343 பேர் வந்தாங்க. அப்போ, பெண்கள் வரமாட்டேங்கறாங்கன்னு சொல்றது சரியா?

பெரியம்மாவை நானே கூட்டிட்டுப் போனேன். புற்றுநோய் இல்லை, அதுக்கு முந்தைய நிலை. சின்ன சிகிச்சை, சாயங்காலம் வீடு. வர்ற வழியில பஸ்ல என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டாங்க. இன்னும் ரெண்டு வருஷம் நான் 'அடுத்த மாசம்'னே சொல்லிட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன்.

இதைக் கேட்டு முடிச்சதும் ஊருக்கு ஒரு போன் போடுங்க. அம்மா, அத்தை, சித்தி, யாரா இருந்தாலும் சரி. 30 வயசு தாண்டினவங்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல இந்தப் பரிசோதனை இலவசம்னு சொல்லுங்க. ஏற்கெனவே செஞ்சிருந்தா, கையில ஏதாவது சீட்டு கொடுத்தாங்களான்னு கேளுங்க. கொடுத்திருந்தா, "போயிட்டு வாங்க"ன்னு சொல்லாதீங்க. தேதி சொல்லி, லீவு போட்டு, கூடப் போங்க.