கையில் காசில்லாத பிள்ளையும் காசு கட்டிப் படிக்கிற கல்லூரியும்

(உயர்தரம் எழுதிய பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் நடந்த கல்வி வழிகாட்டல் கூட்டத்தில், வேலணையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



எங்கள் தீவுப்பகுதி ஆட்கள் உங்களுக்குப் புதியவர்கள் இல்லை. மலைநாட்டு நகரங்களில் கடை வைத்திருந்த புங்குடுதீவாரையும் காரைநகராரையும் உங்கள் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். தகப்பன் இல்லாத பையன் என்றால், அந்தக் காலத்தில் அவனுக்குக் கடைதான் கல்லூரி. இன்றைக்குக் கொழும்புக் கடைகளுக்குப் போவது உங்கள் பிள்ளைகள்.

நெடுந்தீவுப் பிள்ளை ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன். தாய் தகப்பன் இல்லை, அம்மம்மாதான் வளர்த்தது. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஒரு மணித்தியாலம், பிறகு யாழ்ப்பாணத்துக்கு பஸ். தினமும் போய்வர ஏலாது. லயத்திலிருந்து டவுனுக்குப் போய்ப் படிக்கிற உங்களுக்கு அது விளங்கும். உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தி. பல்கலைக்கழக அனுமதிக்கு மட்டும் புள்ளி போதவில்லை. கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் சேர்ந்தாள். முதல் தவணைக்கு அம்மம்மாவின் சங்கிலி அடகு கடைக்குப் போனது. இரண்டாம் தவணை கட்ட வழியில்லை, பரீட்சை மண்டபத்துக்குள் விடவில்லை. சங்கிலியும் போய், ஒரு வருடமும் போனது.

கட்டணம் என்பது என்ன என்று உங்கள் கணக்கிலேயே பாருங்கள். 8 இலட்சம் ரூபா என்றால், 2024இல் வர்த்தமானியில் வந்த 1350 ரூபா நாட்சம்பளத்தில் ஏறக்குறைய 593 பேர் போட வேண்டும். சாப்பாடு, அறை வாடகை, பஸ் காசு வேறு.

2017இலிருந்து அரசாங்கம் வட்டியில்லாக் கடன் திட்டம் ஒன்றை நடத்தி வருகிறது. உயர்தரம் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்கள், தெரிந்தெடுத்த தனியார் நிறுவனங்களில் படிக்கலாம். வட்டியை அரசாங்கம் கட்டும், முதலைப் படித்து முடித்தபின் நீங்கள்தான் கட்ட வேண்டும். நல்ல திட்டந்தான். ஆனால் கடன் கடன்தான் பிள்ளைகளே! யார் பிணை நிற்பது என்பதை வங்கியில் முதலே கேளுங்கள். பெற்றோர் இல்லாத பிள்ளை தட்டுப்படுகிற இடம் பெரும்பாலும் அதுதான்.

அதற்கு முன்னால் காசில்லாத கதவுகளைத் தட்டிப் பாருங்கள். நுவரெலியா, பதுளை மாவட்டப் பிள்ளைகளுக்குப் பின்தங்கிய மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறது. அரச பல்கலைக்கழகத்துக்குப் போனால் படிப்பு இலவசம், வசதி குறைந்தவர்களுக்கு மகாபொல அல்லது மாணவர் உதவிப்பணம். கொட்டகலை பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி உங்கள் வாசலிலேயே இருக்கிறது. தங்குமிடமும் மாதக் கொடுப்பனவும் தந்து ஆசிரியராக்குகிறார்கள். உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்களில் முழுநேர டிப்ளோமாவுக்குக் கட்டணமில்லை. 1980இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகம் காசு வாங்கும், ஆனால் வேலை செய்துகொண்டே பாடம் பாடமாகக் கட்டிப் படிக்கலாம். உயர்தரம் சரிவராதவர்களும் அடிப்படைக் கற்கை வழியாக அங்கே நுழையலாம். தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்று 1940களிலிருந்து இருக்கிற கல்வி நிதியத்தின் புலமைப்பரிசிலுக்குக் கண்டியிலுள்ள இந்திய உதவித் தூதரகத்தில் விசாரியுங்கள். இது கடன் இல்லை, திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. தெரியாததால் விண்ணப்பிக்காமல் விடுகிறவர்கள்தான் எனக்கு மனவருத்தம்.

அந்த நெடுந்தீவுப் பிள்ளை இப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு புத்தகக் கடையில் வேலை செய்துகொண்டு திறந்த பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவளும் கடைக்குத்தான் போனாள், ஆனால் படிப்பை விடவில்லை. நாலு வருடத்தில் முடிப்பது ஆறு வருடமாகலாம். அம்மம்மாவுக்கு அதில் கொஞ்சம் கவலை.

எல்லாம் பார்த்தபிறகும் தனியார் கல்லூரிதான் என்றால், கையெழுத்து வைக்க முன்னம் மூன்று விஷயம் கேளுங்கள். அந்தப் பட்டத்தை உயர்கல்விக்குப் பொறுப்பான அமைச்சு அங்கீகரித்திருக்கிறதா. வெளிநாட்டுப் பட்டமென்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்குமா? முதல் நாளிலிருந்து பட்டமளிப்பு வரை மொத்தம் எவ்வளவு? இடையில் நின்றால் கட்டிய காசில் எவ்வளவு திரும்பும்? பதிலை வாயால் சொன்னால் காணாது. கடிதத்தில் எழுதி, முத்திரை குத்தித் தரச் சொல்லுங்கள். தரமாட்டோம் என்றால் சங்கிலியை அடகு வைக்காமல் வீட்டுக்கு வாருங்கள்.